மணலில் சிக்கும் மின்சாரக் காருக்கு எது உதவும்: சங்கிலியா, பலகையா, காற்றுப் பம்பா?

பனி, சேறு, மணல் மூன்றுக்கும் ஏற்றவை என்ற அறிவிப்போடு இணையக் கடைகளில் விற்கப்படும் சக்கரச் சங்கிலிகளையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சிலர் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017இல் திறக்கப்பட்ட ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலையில் ஆடிக் காற்று மணலை வாரி இறைப்பதும், அரியமான், பிரப்பன்வலசை பக்கத்துக் கடலோரக் குடியிருப்புகளுக்குப் போகும் பாதைகள் பாதியில் மணலாகிவிடுவதும் இங்கு வழக்கம் என்பதால், அந்தக் கவலையில் பொருள் இருக்கிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட என் மின்சாரக் காருக்காக இவற்றில் பலவற்றைப் பூட்டியும் போட்டும் பார்த்த அளவில் சொல்கிறேன்: நம் மணலுக்கு முதலில் வாங்க வேண்டியது அளவுமானியோடு கூடிய காற்றுப் பம்பு. அடுத்தது, சிக்கிய சக்கரத்தின் கீழ் செருகும் மணல் பலகை. சங்கிலி வேண்டவே வேண்டாம்.

சங்கிலி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். இறுகிய பனியும் பனிக்கட்டியும் ஒரு திடமான தளம். இரும்புக் கண்ணிகள் அதில் அழுந்திக் கடித்துப் பிடிக்கின்றன. உலர்ந்த கடற்கரை மணலில் ஒரு துகளுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டுறவே இல்லாததால், சக்கரத்தின் குறுக்கே ஓடும் அதே கண்ணிகள் மணலைக் கோரிப் பின்னால் வீசிக் குழியை ஆழமாக்குகின்றன. மின்சாரக் காரில் இதன் விளைவு இன்னும் மோசம். மின்கலத் தொகுப்பின் காரணமாக அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட ஏறத்தாழ 200 கிலோவோ அதற்கும் மேலோ எடை கூடுகிறது. மோட்டாரின் முழு முறுக்குவிசையும் மிதித்த கணமே சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. தரைக்கும் வண்டிக்கும் இடையில் இருப்பதோ அந்தத் தொகுப்பின் அடித்தட்டு. சக்கரம் சில சுற்று வெறுமனே சுழன்றாலே அடித்தட்டு மணலில் அமர்ந்துவிடும். அதன் பிறகு எந்தப் பிடிமானத்தாலும் பயனில்லை.

டயரைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் சங்கிலியைவிட மலிவானவை, பூட்டுவதற்கும் எளியவை. நான் வாங்கியவற்றின் பூட்டுக்குள் மணல் புகுந்ததும் இறுக்கம் தளர்ந்தது, வெயிலில் கிடந்த பிறகு பிளாஸ்டிக் வெடிப்பு விட்டது. சேற்றில் ஓரளவு உதவக்கூடும். மணலில் சங்கிலி செய்யும் கேட்டையே இவையும் செய்கின்றன. ஐரோப்பாவில் சங்கிலிக்கு மாற்றாகப் பலர் பயன்படுத்தும் துணி உறை பனிக்கென்றே நெய்யப்பட்டது. அது இங்கே தேவையில்லை.

இனிப் பம்பு. மணலில் வண்டியைத் தாங்குவது டயர் தரையில் பதியும் பரப்பு. காற்றைக் குறைத்தால் அந்தப் பரப்பு நீளவாக்கில் விரிந்து, எடை பரவி, சக்கரம் மணலின் மேல் மிதந்தாற்போல் நகர்கிறது. சாலைக்கு 33 முதல் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை வைத்திருக்கும் டயரை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கியதும் என் காரில் தெரிந்த வேறுபாடு, விலை கொடுத்து வாங்கிய வேறெந்தப் பொருளிலும் தெரியவில்லை. அதற்கும் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர், சக்கர விளிம்பிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்று குறைந்த நிலையில் மெதுவாகவே ஓட்ட வேண்டும், சடாரென்று திருப்பக் கூடாது, தார்ச்சாலையில் ஏறியவுடன் முழு அழுத்தத்துக்கு நிரப்பிவிட வேண்டும். இல்லையெனில் டயரின் பக்கச் சுவர் சூடேறிக் கெட்டுவிடும். அந்த நிரப்பும் வேலைக்குத்தான் பம்பு. 12 வோல்ட் முனையில் செருகும் சிறிய பம்பே போதும். ஆனால் அது மின்சாரம் எடுப்பது பெரிய மின்கலத் தொகுப்பிலிருந்து நேரடியாக அல்ல, 12 வோல்ட் துணை பேட்டரியிலிருந்து என்பதால், காரை ஓட்டத் தயாரான நிலையில் வைத்துவிட்டே பம்பை இயக்க வேண்டும். அப்போதுதான் துணை பேட்டரி உடனுக்குடன் சார்ஜ் ஆகும். மலிவான பம்புகள் விரைவில் சூடாகிவிடும். இரண்டு சக்கரங்களுக்குப் பிறகு ஆறவிடுவது நல்லது. மாற்றுச் சக்கரமே இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் தரப்படும் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரு பம்பும் சேர்ந்தே வருகிறது. புதிதாக வாங்கும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

காற்றைக் குறைத்தாலும் நம் மாவட்டத்தில் எங்கும் காணும் ஒரு பகை இருக்கிறது: சீமைக்கருவேல முள். தளர்ந்து புடைத்த பக்கச் சுவரில் அது எளிதாக ஏறும், பக்கச் சுவரில் விழுந்த ஓட்டையைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. கருவேலங்காட்டை ஒட்டிய மணல் பாதையில் காற்றை 25க்குக் கீழே நான் இறக்குவதில்லை.

பள்ளமும் பற்களுமாக வார்க்கப்பட்ட மணல் பலகைகள் உண்மையாகவே உதவுகின்றன. சிக்கியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, இயக்கும் சக்கரங்களுக்கு முன்னால் மணலைக் கையால் அகற்றி, பலகையைச் சாய்வாகச் செருகி, சக்கரம் பற்றும் வரை மிக மென்மையாக மிதிக்க வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றும் மீளாக்க பிரேக்கிங்கைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டால், காலை எடுத்ததும் வண்டி சட்டென்று நின்று மீண்டும் புதைவதைத் தவிர்க்கலாம். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சக்கரம் நழுவியதும் அது சக்தியை வெட்டி வண்டியை நிறுத்திவிடுகிறது. இந்தப் பலகைகளின் விலையும், டிக்கியில் இவை அடைக்கும் இடமும்தான் குறை. கடலோர ஊர்களில் வாகனம் புதைந்தால் உதவிக்கு ஓடிவருபவர்கள் பனை மட்டைகளையும் தென்னங்கீற்றுகளையும் சக்கரத்தின் கீழ் அடுக்குவார்கள். எடை குறைந்த வண்டிக்கு அதுவே போதும். கனமான மின்சாரக் காருக்கு மட்டை முறிந்துவிடுகிறது என்பதால் பலகைக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

இவை எதுவும் கடற்கரைக்குள் வண்டியை இறக்குவதற்கான துணை அல்ல. கடல் ஆமைகள் கரையேறி முட்டையிடும் இந்த மணலில் சக்கரம் ஏறுவது தவறு. அலையோர ஈர மணல் உறுதியாகத் தோன்றினாலும், உப்பு நீர் வண்டியின் அடிப்பாகத்து ஆணிகளையும் சஸ்பென்ஷனையும் அரிக்கும். மீளாக்க பிரேக்கிங்கால் அதிகம் பயன்படாமல் கிடக்கும் பிரேக் டிஸ்க்குகள் மின்சாரக் காரில் இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கின்றன. மணல் பாதையில் போய்வந்த நாளில் இரண்டு குடம் நல்ல தண்ணீரை அடிப்பாகத்துக்கு ஒதுக்குவதை, தண்ணீர் அரிதான ஊரிலும், நான் வீண்செலவாக எண்ணுவதில்லை.

சங்கிலிக்கு உரிய இடம் வேறு. இமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து, 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை நோக்கிப் போகும் சாலையில், பனிப்பொழிவு நாள்களில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களையும் சங்கிலி பூட்டிய வாகனங்களையும் மட்டுமே காவல்துறை அனுமதிப்பதுண்டு. நம் ஊரிலிருந்து மின்சாரக் காரில் அங்கே போக நினைப்பவர்கள், தங்கள் டயர் அளவுக்குச் சங்கிலி பூட்டலாமா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்து, முன்சக்கர இயக்கமானால் முன்சக்கரங்களிலும் பின்சக்கர இயக்கமானால் பின்சக்கரங்களிலும் பூட்டி, பொதுவான வரம்பாகிய மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும்.

பலகையும் பம்பும் கைகொடுக்காதபோது டிராக்டரைத்தான் அழைக்க வேண்டியிருக்கும். டிக்கியில் உள்ள இழுவைக் கொக்கியை பம்பரில் அதற்கென உள்ள துளையில் திருகி, கயிற்றை அதில் மட்டுமே கட்டச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் கம்பியிலோ மின்கல அடித்தட்டிலோ யாரையும் கட்ட விடாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி, மணலைவிட்டு வெளியேறும் தூரம் மட்டும் நடை வேகத்தில் இழுக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால், இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்போது மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து பழுதடையக்கூடும் என்பதால், வண்டியை லாரியின் மேல் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.