லிஃப்ட் செய்த பிக்கப்பில் முன்பக்க உரசல்: சாக்பீஸா, ஸ்பிரிங்கைக் கழற்றியா?

ஹைலக்ஸ், டி-மேக்ஸ் மாதிரி வண்டிகளில் முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கியபின் எங்கோ உரசுகிறதா? கண்டுபிடிக்க வழி இரண்டு.

முதலாவது சாக்பீஸ். அப்பர் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கை) உள்விளிம்பு, காயில் ஸ்பிரிங், ஃபெண்டர் லைனர் (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் உறை), மூன்றிலும் அழுத்திப் பூசிவிட்டு வேகத்தடைகள் உள்ள சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். அழிந்த இடம்தான் குற்றவாளி. சேறு, மழை இருந்தால் வேண்டாம், எல்லாமே அழிந்துவிடும். வேகத்தடை தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும்போது 'டொக்' என்று கேட்டால், பெரும்பாலும் அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கிறது. ஆர்மில் பெயின்ட் போய், ஸ்பிரிங் சுற்றில் நகம் அகலத்துக்குப் பளபளப்பு தெரியும்.

இரண்டாவது, வண்டியைச் சேஸிஸில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்தி, ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே தொகுப்பாக இறக்கி, ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்கையும் கழற்றிவிட்டு, லோயர் ஆர்மை (கீழ்க் கை) ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆர்ம் மேலேறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை) வரை ஏற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள். டயர் லைனரில் படுவதற்கு இதைவிடத் துல்லியமான சோதனை கிடையாது. ஸ்பிரிங் உள்ளே இருந்தால் ஜாக்கி வண்டியைத்தான் தூக்கும், சஸ்பென்ஷன் முழுதாக மடங்காது. ஆனால் கழற்றிய ஸ்பிரிங்கில் ஆர்ம் இடிப்பது எப்படித் தெரியும்? பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். கூடவே, ஷாக் இல்லாமல் ஆர்ம் அளவுக்கு மீறி இறங்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் கீழே ஜாக்கி தாங்கலாக இருக்கட்டும்.

இறங்கும்போது சத்தமா, சாக்பீஸ். திருப்பும்போது உரசலா, ஜாக்கி.