வார்டு வராந்தாவில் ஒன்பது நாள்

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று தம்பி கூப்பிட்டபோது, நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் இன்னும் விடியவில்லை. 108 வந்து ஏற்றிப் போயிருக்கிறது, இடுப்பு எலும்பு முறிவு. டிக்கெட் கிடைத்து நான் ஊர் போய்ச் சேர நான்கு நாள். அதுவரை மணிக்கொரு தடவை, "டாக்டர் என்னடா சொன்னார்?" என்று அவனைக் கேட்டபடி இருந்தேன். மூன்றாம் நாள், "ரவுண்ட்ஸ் காலையில ஒரு தடவைதான்க்கா. நடுவுல கேட்டா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" என்று அழுதேவிட்டான்.

அரசு மருத்துவமனையின் ஆர்த்தோ, அதாவது எலும்பு சிகிச்சை வார்டு. அம்மாவின் காலில் கட்டுப் போட்டு, கட்டில் நுனியில் கயிறு விட்டு எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த எடை தரையில் முட்டினால் இழுவை போய்விடும், கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கட்டில் அக்கா. பரமக்குடிப் பக்கம். பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்த கணவரோடு எங்களுக்கு முன்பே வந்தவர்.

பணத்துக்குச் சிரமம் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை கைவசம் இருந்ததால் அப்ரூவல் இரண்டே நாளில் வந்துவிட்டது. இழுத்தடித்தது எக்கோ என்ற இதய ஸ்கேன். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இதய டாக்டர் பார்த்து எழுதினால்தான் மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் செய்யலாம் என்று ஃபிட்னஸ் கொடுப்பார். எக்கோவுக்கு இரண்டு நாள், கையெழுத்துக்கு ஒரு நாள், நடுவில் ஞாயிறு. இங்கிலாந்தில் இந்த முறிவுக்கு அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது வழிகாட்டுதல். அங்கேயும் மூட்டு மாற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வலியில் முனகும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் ஆறுதலாகவா இருக்கும்? கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தைத் தாங்கிப் பிடித்தது வராந்தா. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவை லேசாகச் சாய்த்து, முதுகைத் துடைத்து, தலையணை வைக்க வேண்டும். ஒருத்தியால் முடியாது. "நீங்க ரெண்டு மணி வரைக்கும் படுங்க, அப்புறம் நான் படுக்கிறேன்" என்று அந்த அக்கா முறை வைத்துக்கொண்டார். அவர் கணவருக்கு ஆபரேஷன் என்றதும் தம்பி போய் இரத்தம் கொடுத்தான்.

வீட்டிலும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பகலில் தம்பி, இரவில் நான், சாப்பாடு தம்பி மனைவி. ரவுண்ட்ஸ் முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு குரல் பதிவு. சிங்கப்பூர் சித்தியிலிருந்து எல்லோரும் அதைக் கேட்டுக்கொள்வார்கள், யாரும் தனியாகக் கூப்பிடக் கூடாது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் தம்பி அப்படி அழுதிருக்க மாட்டான்.

ஒன்பதாம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, 2021-இல் தொடங்கிய அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துவிட்டோம். மாத்திரை வாசலுக்கே வருகிறது, பிசியோதெரபி செய்பவரும் வந்து காலை மடக்கி நீட்டிப் பழக்குகிறார்.

நேற்று பரமக்குடி அக்கா பேசினார். அவர் வீட்டுக்காரர் குச்சி ஊன்றித் தெருமுனை டீக்கடை வரை போய் வந்தாராம். இதைச் சொன்னதும் அம்மா வாக்கரைக் கேட்டு வாங்கி, வாசல்படி வரை நடந்து காட்டினார்.