எம்.பி.பி.எஸ். முதலாண்டு அனாடமி புத்தக செட் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: 6,800 ரூபாய் போச்சு

பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு ஆப்புல ஒருத்தன் "முதலாண்டு அனாடமி (உடற்கூறியல்) ஃபுல் செட், ஒரிஜினல்"னு போட்டிருந்தான். 6,800 ரூபாய் கட்டினோம். வந்தது குப்பை. டெல்டா பக்கம் இந்த வருஷம் சீட் கிடைச்ச பிள்ளைங்களோட பெத்தவங்க தயவுசெஞ்சு படிங்க.

என் பொண்ணுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டு வந்த காசுலதான் புத்தகம். சீனியர் பசங்க சொன்ன லிஸ்ட்டு: சௌராசியா எழுதின அனாடமி புத்தகம் நாலு வால்யூம், டிசெக்‌ஷனுக்கு (உடலை அறுத்துப் படிக்கிறதுக்கு) கன்னிங்ஹாம் புத்தகம் மூணு, கூட ஒரு கலர் அட்லஸ்.

வித்தவன் ஃபைனல் இயர் படிக்கிறேன்னான். வீடியோ கால்ல வந்தான், கழுத்துல ஸ்டெத், பின்னாடி ஹாஸ்டல் கட்டில். புத்தகத்தைப் பிரிச்சு பிரேக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போற நரம்புக் கொத்து) படத்தைக் காட்டி, "இதை நல்லாப் படிச்சுக்க தங்கச்சி, கழுத்துல அஞ்சாவது நரம்புலேர்ந்து மார்புல முதல் நரம்பு வரைக்கும் சேர்ந்து கைக்குப் போகுது"ன்னு என் பொண்ணுக்குப் பாடமே எடுத்தான். எங்கிட்ட, "அப்பா, நானும் திருவாரூர் பக்கம்தான், நம்ம ஊர்ப் பிள்ளைய ஏமாத்துவேனா?"ன்னான். இதைக் கேட்டா யாருக்குங்க சந்தேகம் வரும்? அப்பவே ஜிபேல பணம் போட்டுட்டேன்.

பார்சல்ல இருந்தது ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட கட்டு. முழுக்கக் கருப்பு வெள்ளை. அனாடமி படத்துல தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். அதை வச்சுத்தான் பிள்ளைங்க படிக்குது. அக்குள்ல தமனியைச் சுத்தியே அந்த நரம்புக் கொத்து ஓடுது. இதுல எல்லாமே ஒரே சாம்பல் கோடு! எது தமனி, எது நரம்புன்னு என் பொண்ணு எப்படிப் பிரிச்சுப் பார்க்கும்? அட்லஸுக்கு அட்டை மட்டும் கலர். மூளைக்கான நாலாவது வால்யூம் இல்லவே இல்ல. கேட்டா, "பழைய பதிப்புல மூளை மூணாவதுலயே இருக்கும்பா"ன்னான். பழசுல அப்படித்தான், உண்மைதான். ஆனா இவன் அனுப்பின மூணாவது வால்யூம் தலை, கழுத்தோட முடிஞ்சிடுது. விவரம் தெரிஞ்சவன் விவரத்தை வச்சே ஏமாத்துறான்.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க. "கூரியர்ல மாறியிருக்கும்." "வார்டு டியூட்டில இருக்கேன்." "பரீட்சை முடியட்டும்பா." கடைசியில நம்பரையே பிளாக் பண்ணிட்டான். ஆப்புக்காரங்ககிட்ட கேட்டா, அது வாங்குறவருக்கும் விக்கிறவருக்கும் இடையில உள்ளதாம், அவங்களுக்குப் பொறுப்பு இல்லையாம். அவன் விளம்பரம் இன்னும் அங்கயேதான் இருக்கு. அதே படம், அதே 6,800 ரூபாய்!

என்ன வாங்கணும், எங்க வாங்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்ப முடியல. இதை மட்டும் பார்த்துக்கங்க: முன்பணம் கட்டாதீங்க, கையில வாங்கிப் பிரிச்சுப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. கலர் இல்லாத அனாடமி புத்தகம் சும்மா கொடுத்தாலும் வேணாம். வால்யூமை எண்ணுங்க, பதிப்பு வருஷம் பாருங்க. காலேஜ் லைப்ரரியில என்ன இருக்குன்னு பார்த்துட்டு மிச்சத்தை வாங்குங்க. பணம் போனா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிடுங்க.

நான் புகார் கொடுத்தாச்சு. இதே மாதிரி பணம் போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்து கொடுப்போம்.