வெளுத்த பவளம்: காத்திருப்பதா, நடுவதா?

பொள்ளாச்சியில் வறட்சிக்குத் தென்னை வாடினால் எங்களுக்கு இரண்டே வழி: லாரித் தண்ணீர் விட்டுக் காப்பாற்றுவது, இல்லையென்றால் வெட்டிவிட்டுப் பிள்ளை வைப்பது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைக்கும் இதே கேள்விதான்.

கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே போதும். பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். அப்போதும் உயிர் இருக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், நிறமும் வரும். ஆனால் 2010, 2016 என வெப்பம் திரும்பத் திரும்ப வந்தால் தேற அவகாசம் ஏது?

சரி, உயிருள்ள துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்தில் கட்டி நடலாம். தூத்துக்குடிப் பக்கம் 2002 முதல் நடுகிறார்கள். நட்டதும் அதே சூட்டில்தான் வளர வேண்டும்.

என் ஓட்டு காத்திருப்பதற்கே, வலையும் நங்கூரமும் கழிவுநீரும் அண்டாமல் காவல் காத்தபடி. முழுக்கச் செத்த இடத்தில் மட்டும் நடலாம்.