'10 பேண்ட்' பாக்கெட் ரேடியோ: இருட்டிய பிறகு போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

டெல்டாவின் ஒரு கடைத்தெருவில் 750 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு சிற்றலை (ஷார்ட் வேவ், தொலைதூர நாடுகளின் ஒலிபரப்பு வரும் அலை) ரேடியோக்களைப் பற்றிய எச்சரிக்கை இது. சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு, முன்பக்கம் வெள்ளி நிறம், அட்டையில் '10 பேண்ட்' (பத்து அலைப் பிரிவுகள்), 'உலக ரிசீவர்', '3000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி' என்று மூன்று பெருமைகள். மூன்றுமே பொய். இதே பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டியும் வருவதால், பெயரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

கடையில் சொல்லி விற்றது இப்படி: "சிலோன் எடுக்கும், பி.பி.சி. தமிழோசை எடுக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க சார்." பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றுவிட்டது. அது எந்த ரேடியோவிலும் வராது. இலங்கைத் தமிழ் நிகழ்ச்சி வேண்டும் என்றால், கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் சாதாரண எஃப்.எம். பெட்டியிலேயே அங்குள்ள பண்பலை நிலையங்கள் கிடைக்கும். அதற்காகச் சிற்றலைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தமிழோசை வரும் என்று சொல்லும் கடைக்காரருக்குத் தான் விற்கும் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

பின்மூடியின் நான்கு திருகையும் கழற்றிப் பார்த்தால் கதை புரிகிறது. பேண்ட் சுவிட்சில் எஃப்.எம்., மீடியம் வேவ் (மத்திய அலை), பிறகு எஸ்.டபிள்யூ. (சிற்றலை) 1 முதல் 8 வரை என மொத்தம் 10 இடங்கள். ஆனால் போர்டில் எஸ்.டபிள்யூ. 5 முதல் 8 வரை உள்ள நான்கு கால்களையும் ஒரே ஈயப்பற்றில் சேர்த்திருந்தார்கள். அதாவது நான்கு இடத்திலும் ஒரே பேண்ட்தான். இதைக் கண்டுபிடிக்கத் திருப்புளி தேவையில்லை. ஒரு நிலையத்தைப் பிடித்து, முள்ளை அசைக்காமல் சுவிட்சை அடுத்த இடத்துக்குத் தள்ளுங்கள். அதே குரல் அதே இடத்தில் தொடர்ந்தால் இரண்டும் ஒன்று.

ஏரியல் விஷயம் இதைவிட மோசம். ஒரு பெட்டியில் ஏரியலின் அடித் திருகிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைப் பற்றவே வைக்கவில்லை, சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். உள்ளூர் எஃப்.எம். மட்டும் அப்படியும் கேட்கும். கடையில் போட்டுக் காட்டுவது அதைத்தான். ஏரியலை முழுதாக இழுத்து, சிற்றலையில் வைத்து, அடிப்பகுதியை லேசாக ஆட்டிப் பாருங்கள். இரைச்சல் படபடவென்று விட்டுவிட்டு வந்தால் அந்த இணைப்பு சரியில்லை. ஏரியலைத் தொட்டாலும் விட்டாலும் இரைச்சலில் மாற்றமே இல்லை என்றால் இணைப்பே இல்லை.

விற்பவர் சொல்லும் சாக்குகளில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல். "கடைக்குள்ள கரண்டு, அதான் கொரகொரங்குது" என்பார். உண்மைதான். மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் இரைச்சலைக் கொட்டும். ஆகவே பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, மின்கம்பி இல்லாத பக்கம் பத்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். "ராத்திரிதான் எடுக்கும்" என்பார். அதிலும் பாதி சரி. சிற்றலைப் பேண்டுகளை அலைநீளத்தை வைத்து மீட்டரில் சொல்வார்கள். 49, 41 மீட்டர் பேண்டுகள் இருட்டிய பிறகுதான் எடுக்கும். ஆனால் 19, 16 மீட்டர் பகலுக்கானவை. மாலை ஆறரைக்கு மேல் 31 மீட்டர், அதாவது 9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ், செத்துக் கிடக்க வாய்ப்பே இல்லை. சீன வானொலி மட்டுமே அதில் பல இடங்களில் ஒலிக்கும். அந்த நேரத்தில் திறந்தவெளியில், ஏரியலை முழுக்க நீட்டி, 31 மீட்டரில் முள்ளை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தினால் நாலைந்து நிலையமாவது தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறைய நிலையம் கேட்டாலும் உடனே மயங்க வேண்டாம். எண்ணிக்கையிலும் ஏமாற்று உண்டு. இந்த விலைப் பெட்டிகள் பிடிக்கும் அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலைவரிசைக்கு மாற்றித்தான் ஒலியாக்கும், அந்த மாற்றமும் ஒரே ஒரு முறைதான். அதனால் பலமான நிலையம் ஒன்று அதன் இடத்திலும், அதற்கு 910 கிலோஹெர்ட்ஸ் (455-இன் இரு மடங்கு) கீழேயும் கேட்கும். 9.50 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் நிலையம் 8.59-லும் பேசும். ஒரே சிற்றலைப் பேண்டில் 9 முதல் 22 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டி வைத்த பெட்டிகளில் இந்த நிழல் நிலையங்களைக் காட்டி "பாருங்க, எவ்வளவு எடுக்குது" என்பார்கள். ஒரே வாசகம் இரண்டு இடத்தில் வந்தால் அது ஒரு நிலையம்தான். அதேபோல் எந்தச் சிற்றலை இடத்தில் வைத்தாலும் காரைக்கால் 100.3 எஃப்.எம். நிகழ்ச்சி பின்னால் முணுமுணுத்தால், முன்பகுதியில் வடிகட்டியே வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

நம் பகுதிக்குச் சிற்றலையைவிட முக்கியம் மீடியம் வேவ். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்த பிறகு, வேதாரண்யம் வட்டாரத்தில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் போனபோது பேட்டரி ரேடியோவின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. திருச்சி வானொலியின் அலைவரிசை 936 கிலோஹெர்ட்ஸ். அது உங்கள் ஊரில் பகலில் தெளிவாக வருகிறதா என்பதுதான் முதல் சோதனை. மீடியம் வேவுக்கு வெளி ஏரியல் வேலை செய்யாது, உள்ளே இருக்கும் பெரைட் ராடு (செம்புக் கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு)தான் ஏரியல். இந்தப் பெட்டிகளில் அந்த ராடு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ராடின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி மங்கும், ராடின் பக்கவாட்டுப் பகுதி பார்த்தால் ஏறும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாவற்றுக்கும் திருச்சி மேற்கே இருப்பதால், பெட்டியின் நீளவாக்கு வடக்கு-தெற்காக இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். பிறகு கிழக்கு-மேற்காகத் திருப்புங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் ராடு வேலை செய்கிறது.

பேட்டரிப் பொய் ஆபத்தானதும்கூட. உள்ளே இருந்தது பழைய பட்டன் போனில் வரும் தட்டைப் பேட்டரி. அந்த அளவில் ஏறத்தாழ 1000 மில்லியாம்பியர்-மணிதான் அடங்கும், 3000-க்கு இடமே கிடையாது. சார்ஜ் சர்க்யூட் என்று இருந்தது ஒரு டையோடும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும். சார்ஜரின் 5 வோல்ட்டில் டையோடு 0.7 கழித்தால் 4.3 வோல்ட் பேட்டரிக்குப் போகும். இந்த வகை லித்தியம் பேட்டரிக்கு மேல்வரம்பு 4.2. இரவு முழுக்கச் சொருகி வைத்தால் வீங்கும். ஒரு பெட்டியில் பின்மூடி உப்பிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இதுவே. புயல் காலத்துக்கென்று வாங்குபவர்கள் இரண்டு பென்சில் செல் போடும் மாடலையே கேளுங்கள். செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஓரிரு வாரம் கேட்காமல் வைப்பதானால் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஸ்பிரிங் போய்விடும்.

நல்ல பெட்டியே அமைந்தாலும் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பேண்ட் சுவிட்சைக் கறுக்கவைக்கும். ஒலி திடீரென்று போய், சுவிட்சை ஆட்டினால் திரும்ப வருவது அதனால்தான். காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். சிற்றலைக்கு ஏரியலில் 5 மீட்டர் பிளாஸ்டிக் உறை ஒயரை மாட்டித் தென்னை மரத்தில் கட்டினால் போதும். 20 மீட்டர் கட்டினால் மலிவுப் பெட்டி திணறி, எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கும். இடி மின்னல் தெரிந்தால் உடனே ஒயரைக் கழற்றுங்கள்.

வாங்கும்போது அட்டையில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும், மாதம்-ஆண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருக்க வேண்டியவை இவை. இந்த இரண்டு பெட்டியிலும் ஒன்றுகூட இல்லை. பில்லும் துண்டுச்சீட்டுதான், அதில் 'ரேடியோ 2' என்று மட்டும் எழுதியிருந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது "பிரிச்ச பொருள், எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. மாடல் எண்ணும் '10 பேண்ட்' என்ற சொல்லும் பில்லில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.