தோளில் இல்லாத சிறகுகள்: மோத்தோ ஹாகியோவின் ‘தாமஸின் இதயம்’

பனி இன்னும் முழுவதும் கரையாத ஒரு நாளில் தாமஸ் வெர்னர் என்ற பள்ளி மாணவன் இறந்துபோகிறான். விபத்து என்று பள்ளியே நம்பிக்கொண்டிருக்கையில், அவன் எழுதிய கடிதம் யூலி என்ற மாணவனின் கைக்கு வந்து சேர்கிறது. அது விபத்தல்ல என்பதும் அந்தச் சாவு தன்னை முன்னிட்டது என்பதும் யூலிக்குத் தெரிந்துவிடுகின்றன. கல்லறைக்குச் சென்று அக்கடிதத்தைக் கிழித்தெறிகிறான். அங்கேயே, இறந்தவனின் அதே முகத்தோடு எரிக் என்ற வேறொரு சிறுவன் எதிர்ப்படுகிறான்.

1974இல் ஜப்பானின் ஷோகாகுகன் நிறுவனத்தின் சிறுமியர் வார இதழில் இந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடராக வந்தபோது, ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் கதைகளுக்கு ‘பாய்ஸ் லவ்’ என்ற பெயரே வழக்கில் இல்லை. 1964ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்று கொடுத்த தூண்டுதலில், ஜெர்மனியின் உறைவிடப் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்டு ஹாகியோ இதை வரைந்தார். தொடக்கத்தில் வாசகர் வாக்கெடுப்பில் கடைசி இடமே கிடைத்தது; அவருடைய இன்னொரு தொடரின் முதல் தொகுதி விறுவிறுவென விற்றுத் தீர்ந்ததால்தான் இது பிழைத்தது. ஃபான்டாகிராஃபிக்ஸ் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு, ஐந்நூறு பக்கங்களைக் கடந்த கெட்டி அட்டை நூலாக, முழுக் கதையையும் ஒரே தொகுதியில் தருகிறது.

பாய்ஸ் லவ் மாங்காவின் இருண்ட உளவியலைப் பேசுவோர் பெரும்பாலும் பிற்காலப் படைப்புகளின் வெளிப்படையான கொடுமைகளையே எடுத்துக்காட்டுவார்கள். இந்நூல் கொடுமையைக் காட்டாமலேயே அவற்றைவிட ஆழமாகத் தைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சீக்ஃப்ரீட் என்ற மூத்த மாணவன் யூலியைச் சித்திரவதை செய்திருக்கிறான். நெடுநேரம் வரை நமக்குக் கிடைப்பது ஒரு தழும்பும், யூலியின் திடீர் நடுக்கங்களும் மட்டுமே. தந்தையின் கிரேக்க வம்சாவளியைப் பழிக்கும் பாட்டியின் முன் குறையே இல்லாதவனாக நின்று காட்ட வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை அவன். கெட்டவன் என்று தெரிந்தும் சீக்ஃப்ரீடின்பால் தன் மனம் சாய்ந்ததை அவனால் மன்னிக்க முடியவில்லை. அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவன் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வதும், அன்பு காட்ட வருபவர்களையெல்லாம் அதனாலேயே விரட்டுவதும் எவ்வளவு மெய்யான மனநிலை என்பதை அத்தகையோர் அருகில் இருந்தவர்கள் அறிவார்கள்.

தனக்கு மட்டும் சிறகுகள் இல்லை, ஆகவே சொர்க்கத்துக்கும் அன்புக்கும் தான் தகுதியற்றவன் என்று நம்புகிறான் யூலி. அந்த நம்பிக்கையை எந்த வாதத்தாலும் அசைக்க முடிவதில்லை. எரிக் வாதிடவும் இல்லை. என் சிறகுகளை எடுத்துக்கொள், எனக்கு அவை வேண்டாம் என்கிறான். தாமஸ் செய்ய முயன்றது என்ன என்பது அந்த இடத்தில்தான் யூலிக்கு விளங்குகிறது. அந்தப் பக்கங்களை நான் மூன்று முறை திருப்பிப் படித்தேன்.

ஆயினும் நூலின் மையத்திலுள்ள ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சிறுவனின் சாவைக் காணிக்கையாகவும் மீட்பாகவும் கதை உயர்த்திப் பிடிக்கிறது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரம் அதற்கு ஈடான எடையைப் பெறவில்லை. உற்றவர் ஒருவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்கள் இதை முன்பே அறிந்துகொண்டு நூலைக் கையில் எடுப்பது நல்லது.

யூலியின் அறைத்தோழன் ஆஸ்கரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பள்ளித் தலைமையாசிரியரே தன்னைப் பெற்ற தந்தை என்று அறிந்திருந்தும் அதை வாய்விட்டுக் கேட்காமல், அவர் சொல்லட்டும் என்று ஆண்டுக்கணக்கில் அதே வளாகத்தில் காத்திருப்பவன் அவன். யூலிக்கு நேர்ந்ததை ஊகித்தும் அவன் வற்புறுத்திக் கேட்பதில்லை, அருகிலேயே இருக்கிறான்.