புளோரன்ஸில் ஹோட்டல்காரர் ‘கார் நம்பரைப் பதிந்துவிட்டோம்’ என்று சொன்னால் நம்பி விடாதீர்கள்

இத்தாலிக்குக் குடும்பத்தோடு போய் டஸ்கனி கிராமப்பக்கம் காரில் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். நாங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து, கார் வாடகைக்கு எடுத்த கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் என் கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுத்தது. அடுத்தடுத்து மூன்று தடவை, ஒவ்வொன்றும் 50 யூரோவுக்குப் பக்கத்தில். மெயில் மேல் மெயில் போட்டுக் கேட்டபிறகுதான் பதில் வந்தது: புளோரன்ஸ் நகராட்சிப் போலீஸ் கேட்டதால் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்தோம், அதற்கான கட்டணம் இது. அபராதம் இதில் சேர்த்தி இல்லை, அது தனியாக வீட்டுக்கு வரும். வந்தது.

புளோரன்ஸ், சியெனா, பீசா, லூக்கா மாதிரி பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழையக்கூடாது. இசட்.டி.எல். என்பார்கள். தடுப்புக் கம்பியோ போலீஸ்காரரோ இருக்காது. தெருமுனையில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகை, அதன் கீழ் இத்தாலிய மொழியில் நேரம், மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். கேமரா எடுத்த நம்பர் அனுமதிப் பட்டியலில் இல்லையென்றால் அபராதம். வேறு வேறு நாளில் நுழைந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோட்டீஸ். குறைந்தபட்சத் தொகை 83 யூரோ, அனுப்பும் செலவையும் ஏற்றினால் 100ஐத் தாண்டும். புளோரன்ஸில் வாரநாட்களில் காலை 7.30லிருந்து இரவு 8 வரை இந்தக் கட்டுப்பாடு, கோடையில் சில இரவுகளிலும் உண்டு.

இதெல்லாம் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சலே. அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டல்கள் தங்க வருகிறவர்களின் வண்டி நம்பரை நகராட்சிக்குத் தெரிவித்து, ஹோட்டல் வரைக்கும் வந்துபோக அனுமதி வாங்கித் தரலாம், பல ஹோட்டல்கள் ஒழுங்காகச் செய்யவும் செய்கின்றன. நாங்கள் தங்கிய ஹோட்டலுக்கு வாட்ஸ்அப்பில் நம்பர் பிளேட் படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஒரு துண்டுத்தாளில் நம்பரை எழுதிக்கொண்டு “எல்லாம் ஆயிற்று, நிம்மதியாக இருங்கள்” என்றார், பெட்டியைத் தூக்கக்கூட உதவினார். நம்பரைக் கடைசிவரை யாருமே அனுப்பவில்லை. நோட்டீஸ் வந்ததும் ஹோட்டலுக்கு எழுதினேன். முதலில் மௌனம். அப்புறம் ‘விசாரிக்கிறோம்’. அதற்கும் அப்புறம், அந்த ஊழியர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை, நம்பரைப் பதிவதற்கான கெடுவும் முடிந்துவிட்டது, வருந்துகிறோம். வருத்தத்தை வைத்து யூரோ கட்ட முடியுமா?

60 நாளுக்குள் பிரிஃபெட்டோ என்ற அரசு அதிகாரிக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இத்தாலிய மொழியில் மனு எழுதி, ஹோட்டலிடமிருந்து ஒப்புதல் கடிதம் வாங்கி, தோற்றால் தொகை ஏறும் என்ற பயத்தோடு காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை, கட்டிவிட்டேன்.

கார் கம்பெனி கவுன்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது, நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அது ஒரு வருஷம் செல்லும். அது எங்களிடம் இருந்தது. ஆன்லைனில் ‘இன்சூரன்ஸ் உட்பட’ என்று போட்டிருந்த வண்டிக்குக் கவுன்டரில், சேதமானால் முதல் 1,500 யூரோ உங்கள் தலையில், டயர், கண்ணாடி, அடிப்பகுதி எதுவும் இதில் அடங்காது, எங்கள் முழுக் காப்பீட்டை எடுக்காவிட்டால் பெரிய தொகையைக் கார்டில் முடக்கி வைப்போம் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, குழந்தை அழுகிறது, அந்த நேரத்தில் யாருக்கு வாதாடத் தோன்றும்? பல பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், கார் வாடகையைவிடக் காப்பீடு அதிகமாகிறது. நான் எடுக்கவில்லை. ஓட்டுபவர் பெயரில், போதுமான வரம்புள்ள கிரெடிட் கார்டு இருந்ததால் தப்பினேன். ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ நீட்டியிருந்தால் பெரும்பாலும் கார் கிடைக்காது. வண்டியை எடுக்கும்போது நான்கு சக்கர விளிம்பையும் வீடியோ எடுத்ததால், திருப்பிக் கொடுத்தபோது ‘இந்தக் கீறல் புதுசு’ என்று ஆரம்பித்தவர் வீடியோவைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பியென்சா, மோன்டால்சினோ பக்கம் வால் டோர்ச்சா பள்ளத்தாக்கைப் பஸ்ஸை நம்பிப் பார்ப்பது கஷ்டம், கியாந்தி மலைச்சரிவில் புளோரன்ஸிலிருந்து சியெனா போகும் எஸ்.ஆர்.222 சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிற சுகம் எந்த டூரிலும் வராது. ஆனால் புளோரன்ஸுக்குள் காருக்கு ஒரு வேலையும் இல்லை. ரயிலில் போங்கள், ஊரை நடந்தே பார்த்து முடித்துவிட்டு, கிளம்பும் நாளில் நகரத்துக்கு வெளியே கார் எடுங்கள். காரோடுதான் வருகிறீர்கள் என்றால் ஏ1 நெடுஞ்சாலையை விட்டு இறங்காமலே நுழையக்கூடிய வில்லா கோஸ்டான்சா பார்க்கிங்கில் போட்டுவிட்டு டி1 டிராம் பிடியுங்கள். சியெனாவில் சாந்தா கத்தரீனா பார்க்கிங்கிலிருந்து ஊருக்குள் ஏற எஸ்கலேட்டரே இருக்கிறது. லூக்காவில் கோட்டைச்சுவருக்கு வெளியே நிறுத்துங்கள். தெருவோரம் நீலக் கோடு என்றால் காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு உங்களுக்கு இல்லை. கூகுள் மேப் சில நேரம் கூசாமல் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளேயே கொண்டுபோய் விடும், கவனம்.

பழைய ஊருக்குள்தான் தங்கப்போகிறீர்கள் என்றால், நம்பரை எந்தத் தேதி எந்த நேரத்துக்குப் பதிந்தார்கள் என்று ஹோட்டலிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் பதிவுச் சான்றின் நகலும். கட்டைவிரல் படம் எதற்கும் உதவாது.

நோட்டீஸ் வந்துவிட்டால், கைக்குக் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு, கார் கம்பெனி நம் பெயரைக் கொடுத்த பிறகுதான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும். அதனால் அந்தப் பயணத்து மெசேஜ், ரசீது, வீடியோ எதையும் போனில் இடம் இல்லை என்று அழித்துவிடாதீர்கள்.